உலகம்மையின் உலைக்களம்

உலகம்மைக்கு உட்காரத் தெரியாது. காலைச் சாயா வரும்போது வேலைக்காரர்கள் சிமெண்ட் மூட்டைகளின் மேல் சாய்வார்கள். அவள் டம்ளரோடு, அன்று உடைக்க வேண்டிய சுவரைச் சுற்றி நடப்பாள். விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுப்பாள். எங்கே உள்ளே பொள்ளல், எங்கே கல் இறுக்கம், முதல் அடி எங்கே விழ வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாள். பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மற்றவர்கள் உடைத்துத் தள்ளிய காரையைச் சட்டியில் வாரித் தலையில் ஏற்றுவாள். திருவனந்தபுரத்துக்கு மணமாகி வந்த நாளிலிருந்து அவள் தலையில் சட்டிதான்.

சொந்த ஊர் சுரண்டை பக்கம். கணவன் செல்வகணேஷ் உளிக்காரன். பழைய கட்டடங்களை உடைக்கிற கூட்டத்தில் நல்ல கை. சாரம் சரிந்து மாடியிலிருந்து விழுந்தான். குடித்திருந்தான் என்று காண்ட்ராக்டர் சொன்னார். செத்தவனின் வாயை மோந்து பார்த்தவர் ஒருவருமில்லை. இற்றுப்போன சாரக்கயிற்றை எடுத்துப் பார்த்தவரும் இல்லை. ஏழையின் சாவுக்கு இந்த ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே தயாராக இருக்கும். உலகம்மைக்கு மிஞ்சியது ஒரு மகள், ஆற்றுக்கால் போகும் வழியில் ஒரு லைன் வீடு, ஒரு சாக்கில் சுத்தியலும் உளிகளும்.

அந்தச் சாக்கை அவள் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தில் குளியலறைத் தரை, செப்டிக் டேங்க் மூடி என்று சின்னச் சின்ன உடைப்பு வேலைகளை ஏற்றுக்கொண்டாள். கை பழகியது. ஆனால் திங்கட்கிழமை மறுபடி சட்டி.

கூட்டத்தின் மேஸ்திரி வன்னியபெருமாள், வள்ளியூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்ட வழக்கத்தைக் கெடாமல் காப்பவர். வலியசாலையில் ஒரு வீட்டு வேலை அவருக்கு வந்தது. அக்கிரகாரத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பின்கட்டில் எப்போதோ போட்ட கான்கிரீட் தளம் கம்பி துருப்பிடித்து ஒழுகுகிறது. இறக்க வேண்டும். மிஷின் வைத்து அதிர்த்தால் அடுத்த வீட்டுச் சுவர் பிளக்கும். மழைக்கு முன்னால், கையால், உளி வைத்துத்தான் உடைக்க வேண்டும்.

"உளிக்கு ஆள் பத்தாது" என்று வன்னியபெருமாள் யோசித்துக்கொண்டிருந்தபோது உலகம்மை எதிரே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் மேல ஏறுதேன்."

"எதுக்கு?"

"உடைக்கதுக்கு. பின்ன, காத்து வாங்கவா?"

உளிக்காரர்களில் ஒருவனான பிச்சைக்கனி சிரித்தான். "மைனி ஏறுனா தளம் வெக்கப்பட்டுத் தானா விழுந்துரும், இல்லியா அண்ணாச்சி?"

"நீ ஏறுனா சிரிச்சிக்கிட்டே நிக்கும்லா. நேத்தைக்கு முழுசும் அந்த லிண்டல் உன்னப் பாத்துச் சிரிச்சத நானும் பாத்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வன்னியபெருமாளும் சிரித்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டார். "இந்தா பாரு உலகம்மை. நம்ம கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அவனவன் உளி, அவனவன் முனை. வேலை தொடங்குற அன்னிக்குக் காலையில கூர் முனையோட வந்து நிக்கிறவன் உளிக்காரன். இல்லாதவன் கையாள். சித்திரை விஷு கழிஞ்சு வேலை. நீ முனையோட வந்தா ஏறு. வரலேன்னா சட்டிய எடு. பிறகு இந்தப் பேச்சு என் காதுல விழப்படாது."

"விழாது."

கூர் முனை என்பது சும்மா வருவதில்லை. கான்கிரீட்டில் உளி ஒரு நாள் அடி வாங்கினால் முனை காளான் மாதிரி மழுங்கிவிடும். உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். கிரைண்டரில் தேய்த்துப் பார்க்கலாமே என்று அவளுக்கும் தோன்றியது, தேய்த்தும் பார்த்தாள். முனை நீலம் பாரித்து, நாலைந்து அடியில் மெழுகாய் மடங்கிற்று. ஆகவே கொல்லர் தங்கப்பன் ஆசாரியின் பட்டறைக்குப் போனாள்.

ஆசாரி விடியும்போது உலை மூட்டுவார், மூன்று மணிக்கு அணைப்பார். அவர் உலையில் காலையில் விழும் இரும்பு அவருக்குக் கைநீட்டம். அதாவது போணி. அன்றைய நாளின் அதிர்ஷ்டம் முழுக்க அதில் இருப்பதாக அவர் நினைப்பு. அதனால் விதவை கொண்டுவரும் இரும்பை உச்சிவேளைக்கு முன் தீயில் வைக்க மாட்டார்.

"காலத்து வேண்டா உலகம்மே" என்றார், அன்பாகத்தான். "உச்ச கழிஞ்ஞு கொண்டு வா. விரோதம் ஒண்ணும் இல்ல, கேட்டோ. தீக்கு ஒரு முறை உண்டு."

"உச்சைக்கு நான் வேலையில நிப்பேன் ஆசாரி. சாயங்காலம் வந்தா நீங்க தீய அணைச்சிருதீங்க."

"எங்கில் வேற ஆருடெயெங்கிலும் கையில் கொடுத்து விடு."

"இரும்பு அதே இரும்புதான? கொண்டு வர்ற கைதான வேற?"

"அதல்லே ஞானும் பறயுந்நது" என்றார் ஆசாரி, அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்ற மகிழ்ச்சியில்.

கோவில் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தவர்கள் அந்தக் கதவைத் தாண்ட முடியாத காலம் இந்த மண்ணில் இருந்தது. ஆசாரியின் பாட்டனும் அப்படி வெளியே நின்றவர்தான். மேலே இருப்பவன் தன் தலையில் வைத்த பாரத்தை இறக்கி வைக்கும்போது, அதைத் தரையில் வைக்காமல் அடுத்தவள் தலையில் வைக்கிற புத்தி எங்கிருந்து வருகிறது? சாதி வாழ்வது மேலே இருப்பவர்களால் மட்டுமா? ஒவ்வொரு படியிலும் கீழே ஒருவர் நிற்பதைப் பார்த்து ஆறுதல் கொள்பவர்களாலும்தான்.

வீட்டுக்கு வந்து உலகம்மை சொன்னபோது, மகள் அனுஷா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வன்னியபெருமாள் மாமன்ட கையில கொடுத்து விட்டா போதுமில்லே? சிம்பிளாயிட்டு தீரும்."

"எதுக்குக் கொடுத்து விடணும்? நான் தாலி அறுத்தவன்னு இரும்புக்குத் தெரியுமாட்டி?"

"ஆசாரிக்கு அறியாமில்லே."

"அப்பம் ஆசாரி வேண்டாம்."

அனுஷா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "பின்ன?"

உலகம்மை பின்வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சஜியின் ஆக்ரிக்கடைக்குப் போனாள். பழைய இரும்பு, தகரம், வண்டிப் பாகங்கள் எல்லாம் மலையாய்க் குவிந்த இடம். குப்பையைக் கிளறிச் சட்டி போன்ற ஒரு பிரேக் டிரம்மை இழுத்தாள்.

"இதெந்தினா சேச்சி? செடி நடானோ?" என்றான் சஜி.

"ஆமா. இரும்பு முளைக்க வைக்கப் போறேன்."

அவன் சிரித்து, ஒரு துண்டு இரும்புக் குழாயையும் சேர்த்துக் கொடுத்தான்.

டிரம்மின் நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. அதற்கு அடியில் குழாயை வளைவோடு பொருத்தினாள். கரி உள்ளே விழாமல் இருக்க ஓட்டையின் மேல் குளியலறைத் தரையில் தண்ணீர் போகப் போடுகிற ஸ்டீல் ஜாலியை வைத்தாள். நாலு செங்கல் அடுக்கு, அதன்மேல் டிரம். காற்றுக்கு, அனுஷா வேலை செய்யும் பியூட்டி பார்லரில் சுருள் கருகித் தூக்கிப்போட்ட ஹேர் டிரையர். சூடு வராது, விசிறி மட்டும் சுற்றும். பிளாஸ்டிக் உருகாதபடி குழாயை நீளமாக விட்டாள். இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கல்லுக்குப் பெயிண்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி, இறுகுமுன் ஒரு பெரிய சம்மட்டித் தலையைத் தட்டையான முகம் மேலே தெரிய அதில் புதைத்தாள். கரிக்குத் தேங்காய்ச் சிரட்டை. ஹோட்டல் வாசலில் கொட்டிக் கிடப்பதை அள்ளி வந்து, தகர டின்னில் அடைத்துக் காற்றுப் புகாமல் எரித்து எடுத்தாள்.

எல்லாம் சரி. டிரம்மின் உட்புறம் தீயைத் தாங்க ஒரு பூச்சு வேண்டும். இங்கேதான் கட்டட வேலைக்காரியின் புத்தி அவளைக் கவிழ்த்தது. உலகத்தில் எதையும் தாங்குவது எது? சிமெண்ட். அவள் அறிந்த உலகத்தில் வேறு பதில் கிடையாது. மணலும் சிமெண்டும் குழைத்து அழகாகப் பூசினாள். பூசினால் போதுமா? தளம் போட்டால் தண்ணீர் கட்ட வேண்டாமா? நனைந்த சாக்கை மேலே போட்டு, வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தண்ணீர் ஊற்றினாள். தன் வீட்டுத் தளத்துக்குக்கூட யாரும் அவ்வளவு விசுவாசமாக ஊற்றியிருக்க மாட்டார்கள்.

ஞாயிறு காலை கரி போட்டு மூட்டினாள். டிரையர் உறுமியது. கரி சிவந்தது. உளியை உள்ளே செருகினாள். சற்று நேரத்தில் "டப்" என்று ஒன்று. அடுத்து இரண்டு. பிறகு விஷுப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது போல உலை முழுவதும் வெடித்தது. சிமெண்ட் சில்லுகள் பறந்தன. ஒன்று அவள் புருவத்தைக் கிழித்தது, இன்னொன்று அடுத்த வீட்டு ஷீட் கூரையில் போய் விழுந்தது.

லைனே ஓடி வந்தது. அடுத்த வீட்டுக் கோமதியம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நான் அப்பமே நெனச்சேன். தீ தெய்வம்ட்டி, விளையாட்டா? ஆசாரி சும்மாவா சொன்னாரு?"

"எது வெடிச்சுதுன்னு பாத்தியளா அக்கா?"

"எது வெடிச்சா என்ன? வெடிச்சுதுல்லா."

அனுஷா அம்மாவின் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே அழுதாள். "போதும் அம்மா, மதியாக்கு. கண் போயிருந்தா? வேலைக்குப் போகும்போ ஆள்க்காரு என்னைப் பாத்துச் சிரிக்கும்."

விஷுவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உளி மழுங்கியே கிடந்தது. மதியத்துக்குள் கதை ஆசாரியின் காதுக்குப் போய், வன்னியபெருமாளுக்கும் போயிருக்கும். விதவை மூட்டிய உலை வெடித்தது. இதைவிட நல்ல சாட்சி அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

உலகம்மை தையல் போடப் போகவில்லை. குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். வெளிப்பக்கம் வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு. விரலால் தொட்டாள். ஈரம்.

சில்லுகளில் ஒரு பாதியை அடுப்பின் பக்கத்தில் வைத்து மாலை வரை உலர்த்தினாள். மறுபாதியை வாளித் தண்ணீரில் போட்டாள். பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் வெறும் செங்கல் நடுவே கரியை மூட்டி, கோமதியம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தச் சுவருக்கு அங்கிட்டு நின்னு பாருங்க."

காய்ந்த சில்லை எறிந்தாள். கிடந்தது, மெல்ல விரிசல் விட்டது. நனைந்ததை எறிந்துவிட்டுத் தானும் சுவருக்குப் பின்னால் ஓடினாள். டப். மறுபடி காய்ந்தது, சத்தமில்லை. மறுபடி நனைந்தது, டப்.

"ரெண்டையும் இதே கையாலதான் போட்டேன். ஒண்ணு வெடிச்சுது, ஒண்ணு வெடிக்கல. தாலி இல்லாத கை எங்கக்கா போச்சு நடுவுல?"

கோமதியம்மாள் யோசித்தாள். "இருந்தாலும்..." என்றாள்.

அந்த "இருந்தாலும்" என்ற ஒரு சொல்லின் மேல்தான் எத்தனை கோபுரங்கள் நிற்கின்றன! கண்ணெதிரே கண்டதையும் கைவிட்டுவிட்டு, காணாததைக் கட்டிக்கொள்ள மனிதருக்கு அது ஒன்றே போதும். ஆனால் அனுஷா அழுகையை நிறுத்தியிருந்தாள். "ஒண்ணுகூடி இடு அம்மா" என்றாள். இன்னொன்று போட்டுப் பார்க்க அவளுக்கு ஆசை.

சிமெண்டைக் கொத்தி எறிந்தார்கள். வேலைத்தலத்தில் அஸ்திவாரம் தோண்டியபோது வந்த செம்மண், மணல், கொஞ்சம் சாம்பல். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து அப்பினாள். இந்த முறை அப்பிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வெயிலில் காய்ந்தது; பிறகு சிறு தணலில் காய்ந்தது; விரிசல் விட்ட இடத்தில் மறுபடி மண் அப்பி மறுபடி காய்ந்தது. அந்த நாட்களில் அவள் படுத்தும் படுக்காதது போலத்தான். எழுந்து போய் டிரம்மைத் தொட்டுப் பார்ப்பாள், வருவாள், திரும்பப் போவாள்.

மூட்டினாள். வெடிக்கவில்லை. சிரட்டைக்கரி நீலச் சுடர் விட்டு எரிந்தது. உளி சிவந்து, ஆரஞ்சாகி நின்றபோது குறட்டால் பிடித்துச் சம்மட்டித் தலையில் வைத்து அடித்தாள். இரும்பு நீண்டது. முனை வந்தது. அடிக்கிறது அவளுக்குக் கஷ்டமில்லை, பதம்தான் பிடிபடவில்லை. அனுஷாவின் போனில் யாரோ ஒரு வடநாட்டுக்காரன் உளிக்குப் பதம் ஏற்றும் வீடியோ. அவன் பேசிய ஹிந்தி இருவருக்கும் விளங்கவில்லை. செய்வது விளங்கியது: முனையை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறான், செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான், உளியின் உடம்பிலிருக்கும் சூடு முனைக்கு ஊர்ந்து வரும்போது நிறம் மாறுகிறது, ஏதோ ஒரு நிறத்தில் மறுபடி தண்ணீரில் முக்குகிறான்.

முதல் உளியை மஞ்சள் தெரிந்ததும் முக்கினாள். பின்வாசல் படியில் வைத்து ஓங்கி அடித்தாள். முனை கண்ணாடி போல முறிந்தது.

"அது ஹனி ப்ளாண்ட் அம்மா" என்றாள் அனுஷா. நாளெல்லாம் பெண்களின் தலையில் சாயம் பூசுகிறவள். "சேட்டன் முக்குந்நது அதில்ல. அது கழிஞ்சு ஒரு ஷேடு வரும். நான் பறயாம்."

அடுத்த உளி. கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு அனுஷா குனிந்தாள். "ஹனி... வெயிட்... காப்பர்... காப்பர் பிரவுன்... ஆகல்ல, ஆகல்ல... பர்கண்டி! இப்போ! இட்டோ அம்மா!"

அந்த அடர்சிவப்பில் முக்கினாள், சுர்ரென்றது. படியில் வைத்து அடித்தாள். படி உடைந்தது. முனை நின்றது.

"வாடகை வீட்டு ஸ்டெப் அம்மா!" என்று அனுஷா தலையில் கைவைத்தாள். உலகம்மை அடுத்த உளியைத் தீயில் செருகியிருந்தாள்.

வேலை தொடங்கும் நாள். வலியசாலை வீட்டின் பின்கட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, உலகம்மை சாக்கை விரித்து உளிகளைப் போட்டாள். வன்னியபெருமாள் ஒன்றை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"ஆசாரி அடிச்சதா?"

"உலகம்மை அடிச்சது."

பிச்சைக்கனி அவள் புருவத்துக் காயத்தைக் காட்டினான். "மைனிக்குப் பொட்டுக்குப் பதிலா சிமெண்ட்டாக்கும்."

"வாடே, உனக்கும் ஒண்ணு வச்சி விடுதேன்."

வன்னியபெருமாள் வாக்குத் தவறவில்லை. "ஏறு" என்றார். அவள் ஏணியில் கால் வைத்தபோது, "நில்லு" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "உலகம்மை, நல்ல ஒரு யோசனை. ஆசாரி விஷுவுக்குப் பிறகு இன்னும் உலை மூட்டல. பயலுவ உளியெல்லாம் மழுங்கிக் கிடக்கு. நீ எதுக்கு வெயில்ல ஏறிச் சாகணும்? வீட்டுல இருந்தே எல்லாருக்கும் முனை அடிச்சுக் கொடு. ராணி மாதிரி இரு. உளிக்காரனுக்குள்ள கூலிய நான் தாரேன்."

உளிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது பெரிய கௌரவமாகத் தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கொடுத்தாயிற்றே! கொடுக்கிற கை எப்போதும் கதவையும் கூடவே சாத்துகிறது. தலையில் இருந்த சட்டியை இறக்கியவுடன் காலில் வீட்டைக் கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் ராணி.

உலகம்மை ஏணியில் நின்றபடியே கேட்டாள்: "அண்ணாச்சி, நான் முனையோட வந்தா ஏறுன்னு சொன்னியளா, இல்லியா?"

"சொன்னேன். ஆனா இது அதவிட நல்லதுல்லா?"

"யாருக்கு?"

அவர் உளிக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உலை அங்கதான் கெடக்கு. கரி கெடக்கு. சாயங்காலம் அவனவன் உளியோட வரட்டும், அவனவன் அடிச்சிக்கட்டும். அவனவன் உளி, அவனவன் முனை, உங்க வழக்கந்தான? பதம் பாக்கத் தெரியலேன்னா எம்மவ சொல்லுவா. ஆனா என்ன வீட்டுல உக்கார வைக்காதீங்க. நான் உக்காந்தா செத்துப்போவேன்."

"அப்போ இன்னைக்கு மத்த பயலுவ எத வச்சு உடைப்பானுவ?"

"என் உளி ஆறு இருக்கு. நாலு தாரேன். இன்னைக்கு மட்டும்." அவள் இரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளில் போட்டிருந்த சாக்கைக் கீழே தள்ளினாள். "பிச்சைக்கனி, ஓங்கி அடிச்சு ஒடிச்சிராதடே. அது பர்கண்டி."

"அது என்னது மைனி?"

"சாயங்காலம் வா, தெரியும்."

தளத்தின் மேல் வெயில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. கீழே முட்டுகள் கொடுத்தாகிவிட்டது. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் கையெட்டும் தூரத்தில். உலகம்மை தளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தாள், குனிந்து விரல் முட்டியால் தட்டினாள், ஓர் இடத்தில் நின்றாள். உளியை நிறுத்தி அடித்தாள். கான்கிரீட் தூள் பறந்தது. இரண்டாவது அடி, மூன்றாவது. ஒரு சில்லு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. உளி அப்படியே நின்றது. கம்பியின் இரு பக்கமும் கொத்திக்கொண்டே போனாள். கீழே ஒருவன் புதிதாகக் கூப்பிட்ட கையாளிடம் சட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வன்னியபெருமாள் ஏணி வழியே பாதி ஏறி, தலை மட்டும் தளத்துக்கு மேல் தெரிய நின்று பார்த்தார். தளத்தில் கோடு போட்டிருந்த ஒரு சதுரத்தை அவள் முடித்திருந்தாள். வியர்வை காயத்தில் இறங்கி எரிந்திருக்க வேண்டும், புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டு நிக்கீங்க?" என்றாள். "மேல வாங்க. அடுத்த சதுரத்துக்குக் கோடு போடுங்க. மழை வந்துரும்."

அவர் சட்டைப் பையில் சாக்குக்கட்டியைத் தேடினார்.